தட்டை யார் ஊற்றியது?

போன மே மாதம், அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். எங்கள் தெருவில் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் ஒரு பெண் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நின்றாள். பெட்டிக்குள் பழைய துண்டில் சுற்றிய கண்ணாடி வட்டு, 6 அங்குலம். அதன் கீழே பிளாஸ்டிக் பையில் இன்னொரு வட்டு, மேலே கறுப்பாக ஏதோ பூசியது. எல்லாவற்றுக்கும் மேலே, மடங்காமல் பத்திரமாக, ஒரு சான்றிதழ்.

"தாத்தா, இது சரியா வரலையாம். என் கை ஒரே மாதிரி ஓடலையாம். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, ஞாபகமா வச்சுக்கோன்னு சொல்லிட்டாங்க."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. தன் கை சரியில்லை என்பதை அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள், அதுதான் என்னைச் சுட்டது.

'உன் தொலைநோக்கியை நீயே செய்' என்று விடுமுறையில் ஐந்து நாள் பட்டறை நடத்தியிருக்கிறார்கள். நடத்தியவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. நல்லெண்ணம் உள்ளவர்கள்தான். சொந்த வேலையை விட்டுவிட்டு வந்து பிள்ளைகளுக்காக மெனக்கெடுகிறவர்கள். ஆனால் நல்லெண்ணத்தோடு செய்த தப்பும் தப்புதான். அதன் பலனைப் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் தலையில் கட்டியது அதைவிடப் பெரிய தப்பு.

அன்று சாயந்திரமே கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு அந்த ஆடியைச் சோதித்தேன். ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1850களின் கடைசியில் கண்டுபிடித்த சோதனை அது. பூமி சுழல்வதை ஊசல் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினாரே, அதே ஃபூக்கோதான். குழியாடியின் வளைவு மையத்தில் ஒரு சின்ன வெளிச்சத்தை வைக்க வேண்டும். ஆடியில் பட்டு அது திரும்பி வந்து குவியும் இடத்தில் ஒரு சவர பிளேடைக் குறுக்கே மெல்ல நகர்த்த வேண்டும். பிளேடுக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்த்தால் ஆடியின் மேடுபள்ளம் எல்லாம் நிலவொளியில் தெரியும் மலைகள் மாதிரி நிழலோடு எழுந்து நிற்கும். வீட்டில் இருக்கிற சாமான்களை வைத்தே மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு வரைக்கும் காட்டிவிடும்.

அந்தப் பெண்ணின் ஆடியில் மையத்தைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தது, கல் விழுந்த குளம் மாதிரி. விளிம்பு சுற்றிலும் சரிந்திருந்தது. கை கோணலாக ஓடினால் கோணலான குறை வரும். ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் இருக்கும். இது அப்படி இல்லை. இவ்வளவு ஒழுங்கான வட்டங்களைக் கை வரையாது. பெட்டியிலிருந்த இன்னொரு வட்டை எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன், விஷயம் விளங்கிவிட்டது. அதைத்தான் 'தட்டு' என்கிறேன். மெருகேற்றும் தட்டு. பிரெஞ்சில் போலிஸ்வார். குற்றவாளி அந்தத் தட்டு.

"இதை யாரும்மா ஊற்றியது?" என்று கேட்டேன்.

"அது ரெடியா வந்துச்சு தாத்தா. எல்லாருக்கும் ஒண்ணு குடுத்தாங்க."

என் வழக்கு முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

தொலைநோக்கி ஆடி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு நாலு வரி. 6 அங்குல வட்டு, 1200 மில்லிமீட்டர் குவிதூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குழிவு சுமார் 1.2 மில்லிமீட்டர்தான்; ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் தடிமனை விடக் குறைவு. கார்பரண்டம் பொடியைத் தண்ணீரோடு போட்டு, ஒரு கண்ணாடியை இன்னொரு கண்ணாடிமேல் தேய்த்தால் மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது குவியும். பொடியை நைசாக மாற்றிக்கொண்டே போனால் மேற்பரப்பு மாவுப்பதமாக வெளுத்து நிற்கும். இதுவரைக்கும் பொறுமை உள்ள யாரும் செய்துவிடலாம். அதற்குப் பிறகுதான் மெருகு. அந்தக் கட்டத்தில் மேற்பரப்பு எங்கேயும் 70 நானோமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது. ஒரு தலைமயிரின் தடிமனை ஆயிரமாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு. இந்த நுட்பத்தைக் கொண்டுவருவது கையும் இல்லை, பொடியும் இல்லை. தட்டுதான். தட்டு எப்படியோ ஆடி அப்படி.

தட்டின் மேல் ஊற்றும் பொருளுக்கு பிட்ச் என்று பெயர். பிரெஞ்சில் புவா. கீல் என்று தமிழ் அகராதியில் பழைய சொல் இருக்கிறது, ஆனால் பிட்ச் என்றால்தான் யாருக்கும் புரிகிறது. விசித்திரமான சரக்கு. சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போலச் சிதறும். சும்மா விட்டால் ஓடும். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் ஒரு புனலில் பிட்சை ஊற்றி வைத்தார்கள். அது இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பதாவது சொட்டு 2014இல் விழுந்தது. இந்த இரட்டைக் குணம்தான் நமக்கு வேண்டும். கெட்டியாக இருப்பதால் மெருகுப் பொடியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைத் தேய்க்கிறது. ஓடுவதால் ஆடியின் வளைவுக்குத் தன்னை ஓயாமல் சரிசெய்துகொள்கிறது. ஆடி தட்டைத் திருத்த, தட்டு ஆடியைத் திருத்த, இரண்டும் சேர்ந்து மணிக்கணக்கில் நெருங்கி வரும். நியூட்டன் 1668இல் தன் சின்ன உலோக ஆடிக்கு மெருகேற்றியது பிட்சில்தான். 1704இல் வந்த 'ஆப்டிக்ஸ்' நூலில் அதை எழுதியும் வைத்தார். முந்நூற்றைம்பது வருஷமாக இதைவிட நல்ல சரக்கு கைவேலைக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பெண் கொண்டுவந்த தட்டில் என்ன கோளாறு? மூன்று.

பிட்சின் மேல் வாய்க்கால் வெட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரிக்க வேண்டும். பொடி கரைந்த தண்ணீர் ஓடவும், அமுங்கும் பிட்ச் ஒதுங்கவும் இடம் வேண்டும் அல்லவா? அந்த வாய்க்கால்கள் கட்டங்கட்டமாக, தட்டின் மையமும் நடுப்பாத்தியின் மையமும் ஒன்றாக விழும்படி வெட்டப்பட்டிருந்தன. பார்க்க அழகு. ஆனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் எச்சரிக்கை இதுதான்: மையத்தைத் தள்ளி வை. இல்லாவிட்டால் பாத்தியின் ஒழுங்கு அப்படியே வளையங்களாக ஆடியில் அச்சாகும். பொங்கலுக்குக் கோலம் போடுகிற மாதிரி சமச்சீராக வெட்டியவருக்கு இது தெரிந்திருக்கவில்லை, அல்லது நாற்பது தட்டு ஒரே அச்சில் வார்த்துவிடும் அவசரம்.

இரண்டாவது, ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. சமதரையில் வைத்து ஊற்றவில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கோபம். நகத்தை வைத்தேன், வெண்ணெய் மாதிரி இறங்கியது. வாய்க்கால்களில் பாதி தானாகவே மூடிக்கொண்டிருந்தன. எங்கோ குளிரூட்டிய அறையில் 22 டிகிரியில் சோதித்து வார்த்த பிட்சை, புதுச்சேரி மே மாதத்தில், மின்விசிறி மட்டும் சுற்றுகிற கூடத்தில் கொடுத்திருக்கிறார்கள். பிட்சுக்கு ஐந்தாறு டிகிரி ஏறினாலே ஆள் மாறிவிடும். இளகிய பிட்சில் ஆடி அமிழும். அமிழ்ந்தால் விளிம்பைத்தான் முதலில் தின்னும். அவள் கை தங்கக் கையாக இருந்தாலும் அந்த விளிம்பு சரிந்தே இருக்கும்.

1769 ஜூன் 4ஆம் தேதி காலை எங்கள் ஊரில் ல ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் காத்திருந்தார். எட்டு வருஷக் காத்திருப்பு. அந்த நேரம் பார்த்து மேகம் மூடியது. அவர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார், ஆனால் 'உன் கண் சரியில்லை' என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இவளுக்கு அந்த நியாயம்கூடக் கிடைக்கவில்லை.

நான் பெரிய நிபுணன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் தட்டு இதைவிடக் கேவலம். ஹாலி வால்நட்சத்திரம் வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த 1985. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் ஜான் தெக்சரோ எழுதிய புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அமெச்சூர்கள் தொலைநோக்கி கட்டுவது பற்றியது, 1951இல் முதலில் வந்தது. பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அகராதி தேவைப்படவில்லை. அதுவே வினையாயிற்று. வார்த்தை புரிந்துவிட்டதால் விஷயமும் புரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். நல்ல பிட்சுக்கு எங்கே போவது? ரோடு போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் கெஞ்சி ஒரு டப்பா தார் வாங்கிவந்து காய்ச்சி ஊற்றினேன். சாயந்திரம் வாய்க்கால் வெட்டி, அழகு பார்த்து, ஆடியை மேலே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் வாய்க்கால் ஒன்றுகூட இல்லை. ஆடியும் தட்டும் ஒரே உருப்படி.

பிரிக்க என்ன வழி? பிட்ச் குளிர்ந்தால் நொறுங்கும் என்பது நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் அப்போது ஃபிரிட்ஜ் கிடையாது. பக்கத்து வீட்டு அம்மாவின் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தோம். காலையில் ஒரு மரக்கட்டையால் தட்டியதும் 'டக்' என்று விட்டது. அந்த வீட்டில் ஒரு வாரம் பாலில் தார் வாசனை. அந்த அம்மா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கடைசிவரை என்னைப் பார்த்தால் "தார்க்காரர்" என்றுதான் கூப்பிடுவார்.

அந்தத் தோல்வியில் நான் கற்றதைத்தான் அந்தப் பட்டறை இந்தப் பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டது. தட்டு தோற்றது என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் ஊற்றியவன் நான். ரெடிமேட் தட்டு வாங்கியவளுக்கு தோற்றது எது என்று எப்படித் தெரியும்? தன் கையில் இருப்பது தன் கை மட்டும்தான். அதையே குறை சொல்லிக்கொள்வாள்.

தட்டு ஊற்றுவது எப்படி என்பதையும் எழுதிவிடுகிறேன். அது ஏதோ மந்திர வித்தை என்பது போல ஒரு பயம் பரப்பப்படுகிறது.

ரோசின் தெரியும் அல்லவா, வயலின் வில்லுக்குத் தேய்க்கிற, ஈயம் பற்றவைக்கிறவர்கள் பெட்டியில் இருக்கிற தேன் நிறக் கட்டி. அதை மெதுவான சூட்டில் உருக்கி, கரண்டி கரண்டியாக விளக்கெண்ணெய் சேர்த்தால் அதுவே பிட்ச். எவ்வளவு எண்ணெய் என்று அளவு சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ரோசினுக்கு ரோசின் மாறும், ஊருக்கு ஊர் மாறும், மார்கழிக்கும் சித்திரைக்கும் மாறும். பார்க்க வேண்டியது பதம். ஒரு சொட்டைத் தகடு ஒன்றில் விட்டு, நாம் தேய்க்கப்போகும் நேரத்தில் அறை எந்தச் சூட்டில் இருக்குமோ அதே சூட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வைக்க வேண்டும். பிறகு கட்டைவிரல் நகத்தை மிதமாக ஊன்றிப் பத்து எண்ண வேண்டும். கால் அங்குலத்துக்குத் தடம் விழுந்தால் சரி. மூன்று எண்ணுவதற்குள் அமுங்கினால் இளக்கம், ரோசின் சேர்க்கணும். நகம் வழுக்கி ஓரம் தெறித்தால் முறுக்கம், எண்ணெய் சேர்க்கணும். என் வீட்டுக்காரி இதைப் பார்த்துவிட்டு, "அதிரசத்துக்குப் பாகு பார்க்கிறதுதானே இது, இதுக்கா இத்தனை புத்தகம்?" என்றாள். உண்மை. தண்ணீரில் விட்டுப் பாகு உருட்டிப் பார்க்கத் தெரிந்த எந்தப் பெண்மணிக்கும் பாதி வித்தை ஏற்கெனவே தெரியும். பாகு பதத்தைப் பாக்கெட்டில் போட்டு விற்க முடியுமா?

பதம் வந்ததும் பழைய மல்துணியில் வடிகட்ட வேண்டும். ஒரே ஒரு மணல் பொடி இருந்தால் போதும், ஒரு மாத உழைப்பில் கீறல். தட்டின் அடிக்கண்ணாடியை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, துடைத்து, சமதரையில் வைத்து, சுற்றிலும் காகித வரப்புக் கட்டி, 6 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்ற வேண்டும். ஆறி அல்வாப் பதத்துக்கு வரும்போது, வெதுவெதுப்பான ஆடிக்கு மெருகுப் பொடியைக் குழைத்துப் பூசி மேலே வைத்து மெல்ல அசைத்தால் பிட்ச் அதன் வளைவை வாங்கிக்கொள்ளும். இந்த ஒரு நிமிஷம்தான் பதற்றமான நிமிஷம். அசைப்பதை நிறுத்தினால் ஒட்டிக்கொள்ளும், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் தேட வேண்டியிருக்கும்.

பொடி என்றேன். இப்போது எல்லோரும் சீரியம் ஆக்சைடு. என் காலத்தில் இரும்பு ஆக்சைடு, ரூஜ் என்பார்கள். பிரெஞ்சில் சிவப்பு என்று அர்த்தம், வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. மெதுவாக வேலை செய்யும், வேட்டியில் பட்டால் போகவே போகாது.

பிறகு வாய்க்கால். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க, கூர்மையான பிளேடால் ஒரு அங்குலப் பாத்தி. மையம் பாத்தியின் நடுவிலும் விழக் கூடாது, வாய்க்கால் சந்திப்பிலும் விழக் கூடாது, எங்காவது மூலையைத் தள்ளி விழ வேண்டும். கடைசியாக, கொசுவலைத் துண்டு ஒன்றை இடையில் விரித்து ஆடியை வைத்து அழுத்தினால் பாத்திக்குள்ளும் சின்னச் சின்னக் கட்டங்கள் விழும்; பொடி தங்க வசதி. வலையை எடுத்துவிட்டு மறுபடி ஆடியை வைத்து அரைமணி பாரம் ஏற்ற வேண்டும். ஆடி இன்னும் வெறும் கண்ணாடிதானே, முதுகுப் பக்கமாகப் பார்த்தால் உள்ளே தெரியும். தட்டு படிந்த இடம் ஈரக் கறுப்பாக இருக்கும், படியாத இடம் வெளுத்திருக்கும். எல்லாப் பாத்தியும் ஒரே கறுப்பாக வந்த பிறகுதான் தேய்ப்பு. ஒவ்வொரு நாளும் ஆரம்பிக்கும் முன் இந்த அழுத்தம் உண்டு. வாய்க்கால் குறுகினால் மறுபடி வெட்ட வேண்டும். தட்டு ஒரு தடவை செய்து முடிக்கிற சாமான் இல்லை, மாடு வளர்க்கிற மாதிரி தினசரிக் கவனிப்பு.

இதெல்லாம் பட்டறையில் நடக்காததற்கு என்ன காரணம்? அந்தப் பெண்ணின் அப்பாவோடு போய் நடத்தியவர்களில் ஒருவரைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், கொதிக்கிற பிட்சைப் பிள்ளைங்க கையில குடுக்க முடியுமா? ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். நியாயம். உருகிய பிட்ச் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அதற்காக முழு வேலையையும் மறைப்பதா? பெரியவர் ஒருவர், திறந்த நெருப்பு இல்லாமல், மின் அடுப்பில் உருக்கட்டும். பக்கத்தில் மூடி ஒன்று இருக்கட்டும், பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடி போட்டு அணைக்கட்டும். சுடுகிற வேலை மொத்தமே இருபது நிமிஷம். நகம் ஊன்றுவது, வரப்பு கட்டுவது, வாய்க்கால் வெட்டுவது, படிந்ததா என்று பார்ப்பது, இவை எந்தப் பிள்ளையையும் சுடாது. நம் வீடுகளில் பத்து வயதுப் பிள்ளைகள் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் நிற்பதில்லையா?

"நேரம் இல்லை சார்" என்றார் அடுத்ததாக. இதை நான் ஏற்கவே மாட்டேன். தட்டு ஊற்ற ஒரு மத்தியானம் போதும். அந்தப் பெண்ணிடம் நிகழ்ச்சி நிரலைக் காட்டச் சொன்னேன். முதல் நாள் காலை முழுவதும் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை, நன்றியுரை. கடைசி நாள் மத்தியானம் மறுபடியும் அதே வரிசை, சான்றிதழோடு. பொன்னாடைக்கு இருந்த நேரம் பிட்சுக்கு இல்லை.

"இப்ப யார் சார் பிட்ச்? ஒட்டுற மெத்தை வந்தாச்சு. ஃபூக்கோவே காகிதம் ஒட்டித்தான் மெருகேத்தினார்." இதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான், மனிதர் படித்திருக்கிறார். ஃபூக்கோ காகிதம் ஒட்டிய தட்டில் மெருகேற்றியது உண்மை. அந்தக் காகிதத்தை அவரே ஒட்டினார், அவரே சோதித்தார், குறை தெரிந்த இடத்தை அவரே கையால் திருத்தினார் என்பதும் உண்மை. மெத்தை வேகமாகப் பளபளப்புக் கொடுக்கும், மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக்கும் ஜன்னலுக்கும் அது போதும். ஆனால் மெத்தை அமுங்கி மீளும். ஓடி, ஆடிக்குத் தகுந்தபடி மாறாது. பளபளப்பு வேறு, வடிவம் வேறு.

கடைசியாகச் சொன்னது, "வெளிநாட்டு ஆடி இதைவிடச் சல்லிசா கிடைக்குது சார்." முழுக்க ஒத்துக்கொள்கிறேன். சனியின் வளையத்தைப் பார்க்க மட்டும் ஆசை என்றால் காசு கொடுத்து வாங்குங்கள், இயந்திரத்தில் செய்த நல்ல ஆடி கிடைக்கிறது. யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் 'நீயே செய்' என்று நோட்டீஸ் அடித்துவிட்டு இந்தப் பதிலைச் சொல்லக் கூடாது. சமையல் வகுப்பு என்று கூப்பிட்டு ஓட்டல் இட்லியைச் சூடாக்கிக் கொடுத்தால் யாராவது சும்மா இருப்பார்களா?

ஜான் டாப்சன் என்று ஒருவர் இருந்தார். ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த கலிஃபோர்னியா வேதாந்த சங்கத்தில் 1944 முதல் 1967 வரை துறவி. மடத்தில் இருக்கும்போதே கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தவர். வெளியேற்றப்பட்ட பிறகு சான்பிரான்சிஸ்கோ நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்திப் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், செய்யவும் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கூடமும் இல்லை, கருவியும் இல்லை, காசும் இல்லை. குப்பையில் கிடைத்த கண்ணாடியும் அட்டைக் குழாயும்தான். எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விலையைச் சுருக்கினார், வேலையைச் சுருக்கவில்லை.

நான் முப்பத்துநாலு வருஷம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. குறிப்பு எழுதுகிறவன் ஒருவன், கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர் என்பது எனக்குப் பழகிய விஷயம். கோப்பு சரியாகப் போனால் கையெழுத்துப் போட்டவருக்குப் பெயர், தப்பாகப் போனால் குறிப்பு எழுதியவனுக்கு மெமோ. இந்தப் பட்டறையில் அதையும் தலைகீழாக்கிவிட்டார்கள். தட்டை எழுதியவர்கள் அவர்கள், மெமோ மட்டும் பிள்ளைக்கு.

நம் வயதுக்காரர்களில் பலர் பேரன் பேத்திகளை இந்த மாதிரி வகுப்புகளுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கிறோம். பணமும் பெரும்பாலும் நம் பென்ஷனிலிருந்துதான். கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: தட்டை யார் ஊற்றுவார்கள்? 'ரெடியாகக் கொடுத்துவிடுவோம்' என்றால், அதை 'மெருகேற்றிப் பார்க்கும் வகுப்பு' என்று பெயர் மாற்றச் சொல்லுங்கள். பெயர் மாற்றினால் எனக்கு அவர்களோடு சண்டை இல்லை.

அந்தப் பெண்ணின் பழைய தட்டை ஃபிரிட்ஜில் வைத்து (இப்போது எங்கள் வீட்டிலேயே இருக்கிறது) பிட்சை உதிர்த்தோம். ரோசினையும் விளக்கெண்ணெயையும் நான் உருக்கினேன். நகம் ஊன்றியது அவள். நாலு தடவை "இளக்கம் தாத்தா" என்று திருப்பி அனுப்பினாள். இரண்டாவது தடவையே போதும் என்று எனக்குத் தோன்றியது, வாயைத் திறக்கவில்லை. வாய்க்கால் வெட்டும்போது ஒரு பாத்தி மூலை உடைந்து போயிற்று. பரவாயில்லை, ஒழுங்கு கெடுவது நல்லதுதான் என்றேன்.

வெயில் ஏறினால் எந்தப் பிட்சும் இளகும் என்பதால் காலை ஐந்தரைக்கு வருகிறாள், எட்டு மணிக்கு நிறுத்திவிடுகிறோம். ஒன்பது நாளாயிற்று. நேற்று பிளேடை வைத்துப் பார்த்ததில் வளையங்கள் போய்விட்டன. விளிம்பு இன்னும் ஒரு மயிரிழை சரிவாகத்தான் இருக்கிறது. பிட்ச் காரணமா, தேய்க்கும் நீளம் காரணமா என்று எங்கள் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். பிட்ச்தான் என்கிறாள் அவள், இன்னும் கொஞ்சம் ரோசின் போட்டு வேறு தட்டு ஊற்றணுமாம். நாளைக்கு ரோசின் வாங்கப் போகிறேன்.